குடைக்காரருக்கு விடுப்பு இல்லை

திருச்சியில் ஒரு சின்ன தினசரியில் நான் முதலில் புரூஃப் பார்ப்பவனாகத்தான் சேர்ந்தேன். கோத்த எழுத்துகளை அடுக்கிவைக்கும் நீளமான தட்டுக்கு அச்சகத்தில் ‘கேலி’ என்று பெயர். அதன்மேல் மை தடவி எடுக்கும் தாள்தான் கேலி புரூஃப். ஆறு வருஷம் கேலி பார்த்தேன், பிறகு பதினோரு வருஷம் கேலி செய்தேன். என் உத்தியோகம் பற்றி யார் கேட்டாலும் இப்படிச் சொல்லித்தான் பழக்கம். கேட்டவர் சிரிப்பார். அத்தோடு சம்பளம் எவ்வளவு என்ற அடுத்த கேள்வி வராது.

படம் போட ஆரம்பித்ததற்குக் காரணம் ஒரு துணிக்கடை. ஐம்பதுகளின் நடுவில் ஒரு மத்தியானம், மூன்றாம் பக்கத்துக்கு வருவதாக இருந்த அந்தக் கடையின் விளம்பரம் வரவில்லை. இரண்டு பத்தி அகலத்துக்குப் பக்கத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். குள்ளமான மனிதர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வார், அதனால் அவர் மெதுவாகப் பேசினாலே நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவோம். அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினார்.

“ஏன்யா, புரூஃப் பேப்பருக்குப் பின்னாடி எல்லாம் மூக்கு மூக்கா வரைஞ்சு கிடக்கே, அது உன் வேலைதானே?”

“ஆமா சார். இனிமே வரைய மாட்டேன்.”

“நீ வரைய மாட்டேன்னா நான் மூணாம் பக்கத்துல எதைப் போடறது? நாலு மணிக்கு, படத்தை அச்சுத்தகடா மாத்தற பிளாக்காரர்கிட்ட போயாகணும். மூணு பெட்டி வரை. படிக்கிறவனுக்கு இது நம்ம கதைதான்னு தோணணும். எவன் பேரும் வரக்கூடாது.”

பேனா முள்ளை மையில் தொட்டேன். என்ன வரைவது என்று யோசிக்க நேரமில்லை. தானாக வந்தது ஒரு முகம். நெற்றியிலேயே தொடங்கி எதையோ தேடிக்கொண்டு கீழே இறங்கும் மூக்கு, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, இடது கக்கத்தில் படுக்கைவாட்டில் இடுக்கிய குடை. முதல் பெட்டியில் அவர் பஸ்ஸுக்கு நிற்கிறார், பஸ் நிற்காமல் போகிறது. இரண்டாவது பெட்டியில் இன்னொரு பஸ்ஸும் போகிறது. மூன்றாவது பெட்டியில் ‘பஸ் நிற்குமிடம்’ என்ற பலகையை அண்ணாந்து பார்த்துச் சொல்கிறார்: “எழுத்து விட்டுப்போச்சு. ‘பஸ்ஸுக்கு நிற்குமிடம்’னு இருக்கணும்.”

புரூஃப் பார்ப்பவனுக்கு அந்த நேரத்தில் வேறென்ன தோன்றும். ஆசிரியர் பார்த்தார், சிரிக்கவில்லை. “நாளைக்கும் ஒண்ணு போடு” என்று மட்டும் சொன்னார். மறுநாள் துணிக்கடை விளம்பரம் வந்துவிட்டது. ஆனாலும் என் படத்துக்கு இன்னொரு இடம் ஒதுக்கினார்.

இப்படித்தான் அவர் பிறந்தார். அவருக்கு நான் பெயர் வைக்கவில்லை. ஊர்தான் ‘குடைக்காரர்’ என்று வைத்தது. ரேஷன் கடை, ரயில்வே ஸ்டேஷன் விசாரணை ஜன்னல், ஆஸ்பத்திரி, ஸ்கூல் அட்மிஷன் என்று எங்கெல்லாம் மனிதர்கள் நிற்கிறார்களோ அங்கெல்லாம் அவரும் நின்றார். ஓர் அலுவலகத்தில் “நாளைக்கு வாங்க” என்று தினமும் சொல்லும் ஆளிடம் அவர் கேட்ட கேள்வி அந்த நாளில் ஊரெல்லாம் புழங்கியது: “நேத்து சொன்ன நாளைக்கா சார், இன்னைக்குச் சொல்ற நாளைக்கா?”

ஒவ்வொரு படத்தையும் முதலில் பார்ப்பவள் என் மனைவி. காலையில் சர்ச்சுக்குப் போய் வந்ததும், கையில் காபி டம்ளரோடு மூன்று பெட்டியையும் பார்ப்பாள். சிரித்தால் தேறியது. “அப்புறம்?” என்று கேட்டால் தோல்வி. மூன்று பெட்டிக்குப் பிறகும் ஒருவருக்கு ‘அப்புறம்’ தேவைப்பட்டால் படத்தில் ஏதோ குறை என்று அர்த்தம். நான் முனகிக்கொண்டே திரும்ப வரைவேன். அந்த ஒற்றை வார்த்தை கற்றுக்கொடுத்த அளவுக்கு எனக்குத் தொழிலை வேறு எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஒரு வருஷம் தாண்டியிருக்கும். ஒரு காலை நேரம் தலையங்கத்தின் புரூஃபைத் திருத்திக்கொண்டிருந்தேன். படம் போட்டாலும் புரூஃப் வேலை என்னை விடவில்லை. திடீரென்று அச்சுக்கோக்கும் இடத்தில் பேச்சு நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் குடைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

அதே மூக்கு. அதே கோட்டு. கக்கத்தில் அதே கோணத்தில் குடை. நெற்றியில் நாமம் இருந்தது மட்டும்தான் வித்தியாசம். அச்சுக்கோப்பவர்கள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“இங்கே படம் போடறவர் யாரு?” என்று கேட்டார். அத்தனை பேரும் என்னைக் காட்டினார்கள்.

எதிரே உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டார். “ஸ்ரீரங்கத்துல ஒரு ஆபீஸ்ல குமாஸ்தாவா இருக்கேன். உங்க படம் வர ஆரம்பிச்சதுலேர்ந்து எனக்குப் பேர் மாறிடுத்து. அப்பா அம்மா வெச்ச பேர் சர்வீஸ் புஸ்தகத்துல மட்டும்தான் இருக்கு. சித்திரை வீதியில காய் விக்கறவ கூட, ‘குடைக்காரரே, கத்திரிக்கா போடட்டுமா’ன்னு கேக்கறா.”

“தப்பா நினைக்காதீங்க சார். நான் உங்களை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல. அது வெறும் கற்பனை” என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். “அப்படியா? அப்போ பெருமாள் உங்களுக்கும் எனக்கும் ஒரே அச்சைக் குடுத்திருக்கார். ஆனா நெத்தியை மட்டும் காலியா விட்டுட்டேள்.”

மடியில் இருந்த குடையை நேராக்கிக்கொண்டு தொடர்ந்தார்.

“ஊர் சிரிக்கறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. நன்னா சிரிக்கட்டும். போன வாரம் வாழைப்பழம் குடுக்க வெச்சேளே, அதைப் பத்திப் பேசத்தான் வந்தேன்.”

போன வாரப் படம் எனக்கு நினைவு இருந்தது. குடைக்காரரின் ஃபைல் ஒரு கட்டுக்கு அடியில் கிடக்கிறது. அவர் மேசைமேல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைக்கிறார். மூன்றாவது பெட்டியில் ஃபைல் கட்டின் உச்சியில் இருக்கிறது. “பாவம், ஃபைலுக்குப் பசி” என்கிறார் குடைக்காரர். என் மனைவி அதற்குச் சத்தமாகவே சிரித்திருந்தாள்.

அந்தப் படம் வந்து மூன்றாம் நாள், ஜீயபுரத்துப் பக்கமிருந்து ஒரு வாழைக்காய் வியாபாரி இவருடைய ஆபீஸுக்கு ஏதோ காரியமாக வந்திருக்கிறார். வந்தவர் இவர் மேசைமேல் ஒரு சீப்புப் பழத்தை வைத்துவிட்டு, “வழியை நீங்களே பேப்பர்ல காட்டிட்டீங்களே” என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். இவர் பதறி எடுத்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் அதிகாரி அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். மறுநாள் காலை மேசைமேல் பழத்துக்குப் பதில் மெமோ இருந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள்.

“இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். யார்கிட்டேயும் ஒரு வெத்தலை வாங்கினதில்ல, யாருக்கும் குடுத்ததும் இல்ல” என்றார். குரல் உயரவே இல்லை. “உங்க படத்துல அந்த ஒரு சீப்புப் பழம்தான் பொய். பாக்கி எல்லாம் வாஸ்தவம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, மறுநாள் படத்துக்குக் கீழே இரண்டு வரி வருத்தம் தெரிவிக்கலாமா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “படம் போடறவன் ஒருத்தர்கிட்ட மன்னிப்புக் கேட்டா, அடுத்த நாள் காலையில ஊர்ல இருக்கற அத்தனை பெரிய மனுஷனும் வாசல்ல வந்து நிப்பான். பேப்பர்ல முடியாது” என்றார். பிறகு, “ஆனா நீ போ. பேப்பரா போகாதே, ஆளா போ” என்றார். பின்னால் எவ்வளவோ இடங்களில் எனக்குக் கைகொடுத்த யோசனை அது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அலமாரியைக் கிளறினேன். குமாஸ்தா சொன்ன நெற்றி விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. படம் போடத் தொடங்குவதற்கு முன்பு, வாரம் ஒரு தடவை ஸ்ரீரங்கத்து ஏஜென்டிடம் செய்தி வாங்கிவரப் பஸ்ஸில் போவேன். கையில் ஒரு பழுப்பு அட்டை நோட்டு இருக்கும். காவிரிப் பாலத்தில் பஸ் மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவர்களின் முகங்களைக் கிறுக்கிக்கொண்டே போவேன். அந்த நோட்டு கிடைத்தது. ஏழெட்டுப் பக்கம் புரட்டியதும் அவர் வந்துவிட்டார். பக்கவாட்டு முகம். மூக்கு, கோட்டு, குடை, நெற்றியில் நாமம், எல்லாம் இருந்தது. நான் பென்சிலால் நிதானமாக, நிழல்கூடப் போட்டு வரைந்திருந்தேன். வரைந்ததை நான் அடியோடு மறந்துபோனாலும், கை ஞாபகம் வைத்திருக்கிறது. பத்திரிகைக்கு வரையும்போது எல்லா வீட்டு ஆளாகவும் இருக்கட்டும் என்று நெற்றியைத் துடைத்துவிட்டிருக்கிறது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். “இவர்கிட்டதான் பாத்ததே இல்லன்னு சொன்னீங்களா?”

“தெரிஞ்சு சொல்லல.”

“இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல” என்றாள்.

மறுநாள் ஒருநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்ரீரங்கம் போனேன். குடைக்காரர் என்று விசாரித்ததும் ஆபீஸைக் காட்டிவிட்டார்கள். நேரே அவருடைய அதிகாரியின் அறைக்குப் போய், நான் யார் என்று சொன்னேன். அதிகாரி நடுத்தர வயதுக்காரர், முகத்தில் ஒரு சுருக்கம்கூடக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். “முகம் உங்க குமாஸ்தாவோடதுதான் சார், பஸ்ஸுல பாத்து வரைஞ்சது. பழம் கொடுத்த புத்தி என்னோடது. அதுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்ல” என்றேன்.

“எழுதிக் குடுப்பீங்களா?”

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி அதை மெமோவோடு சேர்த்துக் குத்தி, ‘விளக்கம் ஏற்கப்பட்டது’ என்று எழுதினார். நான் எழுந்தேன். “ஒரு நிமிஷம்” என்று சொல்லி மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே என் படங்கள், வெட்டி ஒழுங்காக அடுக்கி ஒரு பின்னில் கோத்திருந்தன.

“எத்தனையோ ஆபீசரைப் போட்டிருக்கீங்க. என்னை ஏன் இதுவரைக்கும் போடல?” என்று கேட்டார். கேலியா, குறையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

“நீங்க கையெழுத்தைச் சீக்கிரம் போட்டுடறீங்க சார். உங்களை வச்சுக்கிட்டு நான் மூணு பெட்டியை எப்படி நிரப்புவேன்?” என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

மத்தியான இடைவேளையில் குமாஸ்தா என்னை, அப்போது கட்டி முடியாமல் நின்ற மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். காபி வந்ததும் தானாகவே சொன்னார்: “ஆத்துக்குக் கூப்பிட்டிருப்பேன். அம்மா இருக்கா, ஆசாரம் ஜாஸ்தி. உங்களை வாசல்லயே நிறுத்திப் பேசும்படி ஆகும். எனக்கு அது பிடிக்கலை. இங்கே ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உக்காரலாம்.” இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். சொன்னதால்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நான் பழுப்பு நோட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன். “நேத்து உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். வேணும்னு சொல்லல, மறந்துபோச்சு. ஆனா பொய் பொய்தானே.”

நெடுநேரம் பார்த்தார். பார்த்தபிறகு நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். “எனக்குத் தெரியும். அன்னிக்கு பஸ்ஸுல நீங்க வரையறதைக் கவனிச்சேன். முதல்ல நேராத்தான் உக்காந்திருந்தேன். மூக்கு சரியா விழாதேன்னுட்டு, நான்தான் சித்த ஜன்னல் பக்கமாத் திரும்பிண்டேன்.”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காபி புரையேறி, பக்கத்து மேசைக்காரர் என் தலையில் தட்டும்படி ஆயிற்று. அவர் மட்டும் சிரிக்காமல், அந்த நீண்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய நகைச்சுவை எல்லாமே அப்படித்தான். முகம் ஒன்றும் காட்டாது.

“அப்ப ஏன் சார் நேத்து ஆபீஸ்ல சொல்லல?”

“அத்தனை பேருக்கு நடுவுல உங்களைப் பொய்யர்னு காட்டி எனக்கு என்ன ஆகணும்?”

அன்றிலிருந்து மாதம் ஒரு தடவையாவது அந்த ஹோட்டலில் சந்திப்பது வழக்கமாகிவிட்டது. அவர் ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: குடைக்காரர் ஏமாறலாம், தடுக்கி விழலாம், முட்டாளாகக்கூட இருக்கலாம், ஆனால் லஞ்சம் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. ஒப்புக்கொண்டேன். அதற்கு அப்புறம்தான் படம் உண்மையில் நன்றாக வந்தது என்று இப்போது தோன்றுகிறது. குறுக்கு வழியில் போகாத மனிதன் நேர் வழியில் எத்தனை இடத்தில் முட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதை வரைந்தாலே போதுமானதாக இருந்தது. பாதி விஷயம் அவர் கொடுத்ததுதான். ஒரு தடவை சொன்னார்: “எங்க ஆபீஸ்ல ஒரு ஃபைல் காணாமப் போச்சு. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஃபைல் திறந்தோம். இப்போ அதையும் காணோம்.” அதை அப்படியே மூன்று பெட்டியாகப் போட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு ஒரு சோதனை வந்தது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் ஒரு தெருவில் குடிதண்ணீர்க் குழாய் திறந்துவைத்தார். மாலை, மேளம், பேச்சு எல்லாம் நடந்தது. திறந்த அன்று தண்ணீர் வந்தது, அத்தோடு சரி. அந்தத் தெருவிலிருந்து தினம் யாராவது எங்கள் ஆபீஸுக்கு வந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் வரைந்தேன். முதல் பெட்டியில் திறப்பு விழா. இரண்டாவது பெட்டியில் கார் போகிறது, பெண்கள் காலிக் குடத்தோடு நிற்கிறார்கள். மூன்றாவது பெட்டியில் குடைக்காரர் அவர்களிடம் சொல்கிறார்: “தண்ணி அவர் கூடவே கார்ல வந்ததும்மா. அவர் கூடவே கிளம்பிடுச்சு.”

மறுநாளே பெரிய மனிதரின் ஆட்கள் எங்கள் முதலாளியைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். முதலாளிக்கு அரிசி மில்லும் உண்டு, பத்திரிகையும் உண்டு. மில்லுக்கு வேண்டிய உத்தரவுகள் எல்லாம் பெரிய மனிதரைத் தெரிந்தவர்களின் கையில் இருந்தன. முதலாளி ஆசிரியரைக் கூப்பிட்டார். ஆசிரியர் வந்து என்னைக் கூப்பிட்டார்.

“கொஞ்ச நாளைக்குக் குடைக்காரர் வேண்டாம்” என்றார். மிகவும் மெதுவாகப் பேசினார். ஆனால் கோபம் என்மேல் இல்லை என்று தெரிந்தது.

என் இடத்தில் கூந்தல் தைல விளம்பரம் வந்தது. தினமும் அதே பெண், அதே நீளமான கூந்தல். நான் புரூஃப் மட்டும் பார்த்தேன். காலையில் எழுந்தால் கை பழக்கத்தில் பேனாவைத் தேடும். வேலையே போய்விடுமோ என்ற பயமும் உள்ளுக்குள் இருந்தது. மூத்தவள் ஸ்கூலில் சேர்ந்திருந்தாள், இரண்டாவது குழந்தை கைக்குழந்தை. என் மனைவி மட்டும் வழக்கம்போலக் காபி டம்ளரோடு வந்து, வெறும் மேசையைப் பார்த்துவிட்டு, “அப்புறம்?” என்று கேட்பாள். அந்த நாட்களில் அது வேறு கேள்வியாக ஒலித்தது.

ஸ்ரீரங்கம் போய் நண்பரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டு முடித்துச் சொன்னார்: “அப்போ நான் இப்போ லீவுல இருக்கேன்னு சொல்லுங்கோ.”

“அப்படித்தான் வச்சுக்கணும்.”

“எத்தனை நாள்?”

“அது என் கையில இல்ல சார்.”

“லீவுன்னா சாங்ஷன் பண்ண ஒரு அதிகாரி உண்டே. உங்க ஆசிரியர்தானே?” என்றார். அதற்கு அப்புறம் அவர் மூக்கைத் தவிர முகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை.

பத்து நாள் கழித்து ஆபீஸுக்கு முதல் அஞ்சல் அட்டை வந்தது. ஸ்ரீரங்கம் முத்திரை. ஆசிரியர் பெயருக்கு எழுதியிருந்தது: “குடைக்காரரின் விடுப்பு விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது. உடனே வேலைக்குத் திரும்பச் சொல்லவும்.” யாரோ வேடிக்கைக்காரர் என்று நினைத்தோம். மறுநாள் நாலு வந்தது. அதற்கு மறுநாள் தபால்காரர் கட்டாகக் கொண்டுவந்து போட்டார்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸிலும் வீதியிலும் அவரைப் பார்ப்பவர்கள், “என்ன சார், பேப்பர்ல காணோம்?” என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் இவர் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார்: “லீவு போட்டிருக்கேன். லீவு குடுக்கப்படாதுன்னு உங்களுக்குத் தோணித்துன்னா ஆசிரியருக்கு ஒரு கார்டு போடுங்கோ.” வாசகம் தெரியாதவர்களுக்கு, நின்ற இடத்திலேயே ஆபீஸ் நடையில் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பஸ் கண்டக்டர் திருச்சி வரைக்கும் பரப்பியிருக்கிறார்.

அட்டைகளை நான் மூங்கில் கூடையில் சேர்த்துவைத்தேன். ஒரு காலேஜ் ஹாஸ்டல் பையன்கள் இருபது பேர் ஒரே அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு கன்னியாஸ்திரி, “அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஜெபித்துக்கொள்கிறோம்” என்று எழுதியிருந்தார். ஒரு டீக்கடையிலிருந்து வந்த அட்டையில் கைநாட்டுகள் மட்டும் இருந்தன, நடுவில் ஒரு குடை. தண்ணீர் வராத தெருவிலிருந்து ஒரு பெண், “அவர் வந்து பார்த்தால்தான் எங்களுக்கு நம்பிக்கை” என்று எழுதியிருந்தாள். அதை இரண்டாம் தடவை படிக்க முடியாமல் நான் அச்சகத்தின் பின்பக்கம் போய் நின்றேன். மூன்று பெட்டிக்குள் ஏதோ கிறுக்குகிறோம், ஜனங்கள் பார்த்துவிட்டு மடித்துப் போட்டுவிடுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை முதலாளி ஆபீஸுக்கு வந்தார். ஆசிரியர் கூடையை அவர் முன்னால் தூக்கி வைத்தார். முதலாளி ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ஒரு அட்டையில் நிறுத்தினார்.

“இது நம்ம மில்லுல வேலை பாக்கறவங்க போட்டதுய்யா.”

“ஆமாங்க” என்றார் ஆசிரியர்.

“எங்கிட்ட தினம் கும்பிடு போடறானுங்க. இதைச் சொல்லவே இல்லையே.” அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்த எண்ணெய்க்காரன் விளம்பரத்தை வேற பக்கத்துக்கு மாத்திடுங்க. அந்தப் பெரிய மனுஷன்கிட்ட நான் பேசிக்கறேன்.” வெளியே போகும்போது என் மேசையருகே நின்று, “குழாயை விட்டுடாதீங்க. ஆனா பாத்துப் போடுங்க” என்றார். மில்லை வைத்துக்கொண்டு அவர் அதைச் சொன்னது சின்னக் காரியம் இல்லை. அவருக்கு நான் அன்று சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை குடைக்காரர் வேலைக்குத் திரும்பினார். முதல் பெட்டியில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். “இத்தனை நாள் எங்கே போனீர்?” என்கிறார் அதிகாரி. இரண்டாவது பெட்டியில், “குழாய்ல தண்ணி வருமான்னு பாத்துட்டிருந்தேன் சார்.” “வந்துச்சா?” மூன்றாவது பெட்டியில், “இல்ல சார். நான்தான் வந்தேன்.”

என் மனைவி அன்று காலை படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, ‘அப்புறம்’ என்று கேட்கவும் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு மாதத்துக்குள் அந்தத் தெருவில் தண்ணீர் வந்தது. படத்தால்தான் வந்தது என்று சொல்ல மாட்டேன். எப்படியும் அந்தப் பக்கத்துக்குப் பெரிய குழாய் பதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்தப் பெண் இன்னொரு அட்டை போட்டாள். “தண்ணீர் வந்தது. அவரிடம் சொல்லவும்.” ஸ்ரீரங்கம் போய் அட்டையைக் கையில் கொடுத்துச் சொன்னேன். அவர் அதைக் கோட்டின் உள் பையில் வைத்துக்கொண்டார்.

அவருடைய தாயார் காலமான மறுவருஷம், ஒரு மத்தியானம் என்னையும் என் மனைவியையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கூடத்தில் எல்லோருக்கும் ஒரே வரிசையில் இலை போட்டிருந்தார்கள். அவருடைய மனைவி பரிமாறினார், அதிகம் பேசவில்லை. நாங்கள் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் எவ்வளவு பேச்சு நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிந்தது. சாப்பிட்டு முடித்து என் இலையை எடுக்கக் குனிந்தேன். நண்பர் என் தோளைத் தொட்டு, “இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஆசிரியர் ஓய்வுபெற்றார். முதலாளியின் பிள்ளைகளுக்குப் பத்திரிகையில் ஆசை இல்லை. எனக்கும் பெண்கள் மூன்று பேர் ஆகிவிட்டிருந்தார்கள். கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் சித்திரக்காரர் வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டு எழுதிப்போட்டேன், கிடைத்தது. ‘கையுறை அணியவும்’, ‘தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வராதே’ என்று படம் போடும் வேலை. மாதம் முதல் தேதி சம்பளம், குடியிருக்க வீடு. சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தம் இல்லை. பதினோரு வருஷம் ஒரு ஊர் தினமும் காலையில் என்னோடு ஒரு நிமிஷம் சிரித்தது. எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?

அந்த வருஷமே நண்பரும் ஓய்வுபெற்று, தில்லியில் இருக்கும் மகனோடு போய் இருக்க முடிவு செய்தார். வழியனுப்ப ஜங்ஷனுக்குப் போனேன். மூட்டை முடிச்சுகளை ஏற்றிவிட்டு, அவர் தண்ணீர் பிடிக்கக் கூஜாவோடு பிளாட்பாரத்தில் இறங்கிப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டார். அத்தனை வருஷத்தில் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இவர் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஆபீஸுக்கு முணுமுணுத்துண்டேதான் போவார். உங்க படம் வர ஆரம்பிச்சப்புறம், விடியக்காலம்பற எழுந்து வாசல்ல பேப்பருக்குக் காத்துண்டு நிப்பார். படிச்சுட்டு எனக்கும் படிச்சுக் காட்டுவார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும், ஆனா அந்த மூணு பெட்டியை நானே படிக்கப் பழகிண்டேன். உங்காத்துல அவாகிட்டயும் சொல்லுங்கோ.”

அவர் கூஜாவோடு வந்துவிட்டார். பேச்சு மாறிவிட்டது. வண்டி கிளம்பும்வரை மழையைப் பற்றியும், தில்லிக் குளிரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அந்த அம்மாள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“அவங்களுக்கு நானே கடுதாசி எழுதறேன். பெரிய எழுத்தா எழுதினா அவங்களே படிச்சுக்குவாங்கல்ல?” என்று கேட்டாள்.

படிப்பார் என்றேன். அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினாள்.